மிஸ்ஸுக்குத் தமிழ் என்ன, மிஸ்?

இந்த ஊரில் பாதிப் பேருக்கு நான் 'மிஸ்'. எனக்குக் கல்யாணமாகி, என் பையனுக்கே கல்யாண வயசு வந்தாச்சு. இன்னும் மிஸ்தான். பூ வாங்கப் போனால் பூக்காரம்மா தன் மகளிடம், "மிஸ்ஸுக்கு நல்ல சரமா பாத்துக் குடு" என்கிறாள். பேங்கில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரிய மீசைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "குட் மார்னிங் மிஸ்" என்கிறார். ஏழாம் வகுப்பில் என்னிடம் பெஞ்ச் மேல் நின்ற ஆள். செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுக்கிறேன். கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயர் சும்மா வரவில்லை, உழைத்துச் சம்பாதித்தது.

கொஞ்ச நாள் முன்பு ஒன்பதாம் வகுப்பில் வினைச்சொற்கள் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், மிஸ்ஸுக்குத் தமிழ்ல என்ன மிஸ்?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"எந்த மிஸ்ஸு?"

"ஐ மிஸ் யூன்னு சொல்றாங்களே, அந்த மிஸ், மிஸ்."

"தவறு. தவற விடுறது. பஸ்ஸை மிஸ் பண்ணிட்டேன்னா தவற விட்டுட்டேன்னு அர்த்தம்."

"அப்ப ஐ மிஸ் யூன்னா, உன்னைத் தவற விட்டுட்டேன்னா மிஸ்?"

"உக்காரு."

விடை தெரியாதபோது உட்காரச் சொல்வது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். அவள் உட்கார்ந்துவிட்டாள். என்னால்தான் உட்கார முடியவில்லை. இத்தனை வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம், ஒரு பொடிசு கேட்ட கேள்விக்குப் பதில் இல்லையே என்று அன்றைக்குப் பூராவும் எரிச்சலாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பெரிய அகராதியை இறக்கிப் பிரித்தேன். முதலில் ஒன்று தெரிந்தது. என்னைக் கூப்பிடுகிற மிஸ்ஸுக்கும் அந்த வினைச்சொல்லுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. நான் 'மிஸ்ட்ரஸ்' என்ற சொல்லின் வால் வெட்டின உருவம். வினைச்சொல் வேறு வீட்டுப் பிள்ளை, ரொம்பப் பழையது. முதலில் அது அம்புக்கும் கல்லுக்கும்தான். எய்தது படவில்லை என்றால் மிஸ். பிறகு கைக்கு எட்டாமல் போன எல்லாவற்றுக்கும் வந்தது. பிறகு, இருக்கவேண்டிய இடத்தில் ஒருவர் இல்லை என்று கவனிப்பதற்கு. அப்படி இல்லாததை நினைத்து மனசு சங்கடப்படுவது என்கிற பொருள் எல்லாவற்றுக்கும் பின்னால், மெதுவாக வந்து ஒட்டியிருக்கிறது. 'மிஸ்டேக்'கின் முன்னால் நிற்கிற மிஸ்ஸும் இதே குடும்பம்தானாம். இன்னும் பின்னால் போனால் வேர்ச்சொல்லுக்கு 'மாறுதல்' என்று அர்த்தம் இருந்திருக்கலாம் என்கிறார்கள் படித்தவர்கள். இடம் மாறிப் போவது, வழி மாறிப் போவது. அது எனக்குப் பிடித்திருந்தது.

நம்முடைய 'தவறு' என்ற சொல்லை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆச்சரியமாகிவிட்டது. குறி தவறும், கால் தவறும், வாக்குத் தவறும். பஸ்ஸைத் தவற விடுவோம். பிழைக்கும் தவறு என்றே பெயர். அவர்கள் போன வழியிலேயே நாமும் போயிருக்கிறோம், யாரும் யாரையும் கேட்காமல். கடைசியில் ஓரிடத்தில்தான் வழி பிரிகிறது. அவர்கள் அந்தச் சொல்லைக் கொண்டுபோய் ஏக்கத்தில் வைத்தார்கள். நாம் கொண்டுபோய்ச் சாவில் வைத்தோம். 'தவறிட்டார்' என்றால் நம் ஊரில் எவரும் எங்கே என்று கேட்பதில்லை, எப்போ எடுக்கறாங்க என்றுதான் கேட்பார்கள்.

இது போதாதென்று நம் ஜனங்கள் இங்கிலீஷ் சொல்லை வாங்கி மூன்றாவதாக ஒன்றும் செய்திருக்கிறார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் மைக்கில் கேட்கலாம்: "பச்சைக் கலர் கவுன் போட்ட பாப்பா மிஸ் ஆயிடுச்சு." காணாமல் போனால் மிஸ் ஆகிவிட்டது. இதை எந்த அகராதியும் எழுதவில்லை. ஆனால் இந்த மலையைச் சுற்றி வருகிற லட்சம் பேருக்கும் புரியும்.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வது? 'உன் ஞாபகமாவே இருக்கு' என்று சொல்லலாம். 'நீ இல்லாம என்னமோ மாதிரி இருக்கு' என்று சொல்லலாம். இரண்டும் பாவமாக இருக்கிறதே தவிர, யாரும் யாரையும் பார்த்து நேரில் சொல்வதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நிச்சயமாக யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

அப்பா பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போகவேண்டும் என்று பார்த்து அனுப்புகிற வேலை. நேரம் வந்துவிட்டால் விசிலை ஊதி, "நேரமாச்சு, எடு" என்பார். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிடும். எவர் ஓடி வந்தாலும் நிறுத்த மாட்டார். என்னைப் பெண் பார்த்துவிட்டுத் திரும்பிய மாப்பிள்ளை வீட்டார் கையில் பலகாரப் பையோடு பஸ் பின்னால் ஓடினார்கள். விசில் ஊதியது வருங்கால மாமனார். அதையும் மீறி அந்தச் சம்பந்தம் நடந்தது என் கணவருடைய பெரிய மனசு.

அம்மா தவறியபோது தம்பி பெங்களூரில் வேலையில் இருந்தான். முதல் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டான். வழியில் இருந்து போன் மேல் போன். "வந்துட்டே இருக்கேங்க்கா, செங்கம் தாண்டிட்டேன்." சொந்தக்காரர்கள் எல்லாரும், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், பெத்த பிள்ளை வரட்டும் என்றார்கள். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சொன்ன நேரம் ஆகிவிட்டிருந்தது.

"நேரமாச்சு. எடுங்க."

பஸ் ஸ்டாண்டில் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். எடுத்துவிட்டார்கள். நாங்கள் தலை முழுகிவிட்டு ஈரத்தோடு நிற்கும்போது தம்பி வந்து சேர்ந்தான்.

"அரை மணி நேரம் இருக்கக் கூடாதாப்பா? பஸ்ஸாப்பா அது? எங்கம்மாப்பா."

"நேரத்துக்கு வராதவன் இனிமே வரவே வேணாம்."

தம்பி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே திரும்பிப் போய்விட்டான். அன்றிலிருந்து அவனும் வரவில்லை, இவரும் கூப்பிடவில்லை. நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கத்தியதுதான் மிச்சம். "அவரு கூப்பிடட்டும், வரேன்" என்பான் அவன். "வரணும்னா வரட்டும், நானா தடுத்தேன்" என்பார் இவர். இரண்டு பேருக்கும் பிடிவாதத்தில் ஒரு இஞ்சுகூடக் கம்மி கிடையாது.

பிறகு அப்பாவுக்கு மறதி வந்தது. முதலில் கண்ணாடியை வைத்த இடம், அப்புறம் சாப்பிட்டது, அப்புறம் நாங்கள் குடியிருக்கும் வேங்கிக்கால் வீடு. "இது யார் வீடும்மா? வாடகை ஜாஸ்தியா?" என்று என்னையே கேட்பார். அதன்பிறகு எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அவருக்குத் தம்பியின் முகம் மறப்பதற்குள் அவன் வந்து எதிரில் நின்றுவிட வேண்டும். போனில் சொன்னேன், கெஞ்சினேன், திட்டினேன். "பாக்கலாங்க்கா" என்றான். அவன் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

வகுப்பில் அந்தக் கேள்வி வந்த மாதம் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அடி அண்ணாமலை கோயிலுக்குப் போகவேண்டும் என்று அப்பா காலையிலிருந்து ஒரே பிடியாகப் பிடித்தார். தெரிந்த ஆட்டோக்காரர் ஊருக்குள் புகுந்து சந்து சந்தாக ஓட்டி, கோயில் பக்கத்தில் இறக்கிவிட்டு, அங்கேயே காத்திருந்தார். சாமி பார்த்துவிட்டு வெளியே வந்தோம். பாதை முழுக்க ஜனம். வெயில் இறங்குவதற்கு முன்பே இப்படி என்றால், சாயங்காலம் என்ன கதியோ என்று நினைத்துக்கொண்டே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"மிஸ்! மிஸ்!"

திரும்பினேன். இத்தனை வருஷப் பழக்கம், அந்தச் சத்தம் கேட்டால் கழுத்து தானாகத் திரும்பும். என்னிடம் படித்த பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு. குழந்தையை என் கையில் திணித்து, "மிஸ்ஸுக்கு வணக்கம் சொல்லு" என்றாள். குழந்தையை வாங்க இரண்டு கை வேண்டியிருந்தது. கொஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்தில் பார்த்தால் அப்பா இல்லை.

மோர்ப் பந்தல், பொரிக் கடை, பாதையோர லிங்கக் கோயிலுக்கு முன்னால் நிற்கிற வரிசை, எங்கேயும் இல்லை. போலீஸ் பந்தலில் சொல்லி மைக்கில் அறிவித்தார்கள். ஜனம் போகிற திசையில்தானே போயிருப்பார் என்று ஆட்டோக்காரரும் இரண்டு போலீஸ்காரர்களும் காஞ்சி ரோடு பக்கமாக முன்னால் ஓடினார்கள். நானும் அந்தப் பக்கமே ஓடினேன்.

தம்பிக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் நான் போன் செய்தால் இரண்டாவது வாக்கியத்தில் சண்டை ஆரம்பித்துவிடும், அதற்கு அப்போது நேரமில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டேன். அப்பாவின் தம்பி, டவுனில் அச்சகம் வைத்திருக்கிறவர்.

"சித்தப்பா, அப்பா கூட்டத்துல மிஸ் ஆயிட்டாரு. தம்பிக்கு நீங்களே சொல்லிடுங்க."

இங்கே சித்தப்பாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் வாயில் இங்கிலீஷ் வார்த்தை வராது. வந்தால் நாக்கைக் கடித்துக்கொள்வார். பஸ் பேருந்து, சைக்கிள் மிதிவண்டி, காபிகூட அவருக்குக் குளம்பிதான். டீக்கடைக்காரர்கள் அவருக்குப் பயந்து டீயே கொடுத்துவிடுவார்கள். நம் காதில் விழுகிற இங்கிலீஷ் அவர் வாய் வழியாக வெளியே வரும்போது தமிழாகத்தான் வரும். அன்றைக்கும் அப்படியே வந்தது. தம்பியிடம் அவர் சொன்னது இதுதான்: "அண்ணன் தவறிட்டார். உடனே கிளம்பி வா."

தம்பி மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லையாம், போனை வைத்துவிட்டானாம். பிற்பாடு நான் தலையில் அடித்துக்கொண்டு, "என்ன சித்தப்பா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று கேட்டேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "மிஸ்ஸுனா தவறுறதுதானேம்மா? நீதானே டீச்சர்... ஆசிரியை, நீயே சொல்லு." என்னத்தைச் சொல்வது? ஒன்பதாம் வகுப்புக்கு நான் சொன்னதும் அதையேதான்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தேடிக்கொண்டே இருந்தேன். காலில் செருப்பு எப்போது போனது என்றே ஞாபகம் இல்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் பாதையோரமாக நின்று, "மிஸ்ஸோட அப்பா மிஸ் ஆயிட்டாராம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். சாயங்காலம் ஆகிவிட்டது. போன் அடித்தது, தம்பி.

"அக்கா."

குரலே சரியில்லை.

"எங்கடா இருக்க?"

"செங்கம் ரோடுல. வண்டிய உள்ள விடல, நிறுத்திட்டு நடந்து வரேன். இங்க பௌர்ணமிக்குப் போட்ட பஸ் ஸ்டாண்ட் இருக்குல்ல... அக்கா, அப்பா இங்க நிக்கறாருக்கா."

"நிக்கறாரா? நல்லா இருக்காரா?"

"உயிரோட நிக்கறாருக்கா."

"உயிரோட நிக்காம? என்னடா உளர்ற?"

அவன் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. உயிர் போய் உயிர் வந்தது என்பது மட்டும் புரிந்தது.

அப்போதுதான் உறைத்தது. அப்பா ஜனத்துக்கு எதிராக நடந்திருக்கிறார். கிரிவலத்தில் எவரும் எதிர்த்திசையில் போகமாட்டார்கள், அதனால் எவரும் அங்கே தேடவில்லை. பெங்களூரிலிருந்து வருகிற பஸ் செங்கம் ரோட்டில்தான் வரும். பௌர்ணமிக்கு ஊருக்குள் விடமாட்டார்கள், வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். வீடு மறந்துபோன மனுஷனுக்கு அது மட்டும் மறக்கவில்லை.

நானும் எதிர்த்திசையில் ஓடினேன். "எதிர்ல வராதம்மா, பாவம் சேரும்" என்று யாரோ திட்டினார்கள். "இருக்கட்டும், நான் சேத்துக்கறேன்" என்று கத்திவிட்டுப் போனேன். செங்கம் ரோடு திரும்பும் இடத்தில் ஆட்டோ கிடைத்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஒரே ரகளை. கிளம்பத் தயாராக இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஒரு பஸ்ஸுக்கு முன்னால், கையைத் தூக்கிக்கொண்டு அப்பா நின்றார். டிரைவர் ஹாரன் அடித்து ஓய்ந்துபோய்க் கீழே இறங்கி நின்றார். உள்ளே ஜனம் கூச்சல் போட்டது. நாலு அடி தள்ளி என் தம்பி. முன்தலை நரைத்திருந்தது. கையில் பெரிய ரோஜா மாலை. அந்த மாலையைப் பார்த்த பிறகுதான், சித்தப்பா என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கு விளங்கியது.

"பெரியவரே, நேரமாச்சு, வழி விடுங்க" என்றார் டிரைவர்.

"எனக்கே நேரம் சொல்றியா நீ? டைம் கீப்பர்கிட்டயே?" என்றார் அப்பா. பழைய அதட்டல். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "என் பையன் பெங்களூர்லேந்து வரணும்பா. ரொம்ப நாளா ஆளையே காணோம். அவன் வராம எடுக்கக் கூடாது. எடுத்துடாதீங்க."

கடைசி பெஞ்சுப் பெண்ணே, நீ கேட்டதற்கு இதுதான் தமிழ். தெருவில், கடையில், பஸ்ஸில், தினமும் ஒருவரையொருவர் பார்த்து, "என்ன, ஆளையே காணோம்" என்கிறோமே, அதுதான். அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

தம்பி கிட்டே போனான்.

"வந்துட்டேம்பா."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். சாமி, இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு தடவை.

"நீங்களும் இந்த வண்டிக்குத்தானா தம்பி?" என்றார் அப்பா. மாலையைப் பார்த்தார். "மாலை யாருக்கு? கோயிலுக்கா?"

தம்பி தலையை மட்டும் ஆட்டினான்.

"நல்லது. நேரமாச்சுன்னு கோச்சுக்காதீங்க. கொஞ்சம் இருங்க, என் பையன் வந்துடட்டும். அவனை விட்டுட்டு எடுத்தா மனசு தாங்க மாட்டான்."

"இருக்கேம்பா" என்றான் தம்பி. "எவ்ளோ நேரம் வேணா இருக்கேன்."

டிரைவர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். ஏறிப் போய் இன்ஜினை நிறுத்தினார். "அஞ்சு நிமிஷம் கம்முனு இருங்க" என்று உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டார். அப்பா கையை இறக்கிக்கொண்டு ஓரமாக வந்தார். தம்பி அவர் பக்கத்தில் போய் நின்றான். கடிகாரம் இல்லாத மணிக்கட்டை அப்பா ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு பேரும் செங்கம் பக்கத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், தம்பி வருகிறானா என்று.